பூசணம் பிடித்த கல்யாண கேசட்டும் அதில் இருந்த இரண்டு ஒலித்தடங்களும்

மும்பை மழை வீடியோ கேசட்டுக்கு ஆகாது. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை வீட்டுக்குள் காற்றே ஈரமாக இருக்கும். பீரோ மேல் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்ட கேசட்டுக்குள் அந்த ஈரம் புகுந்தால் பிறகு வெளியே போகாது. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் இருக்கும் என் சித்தியின் கல்யாண கேசட் அந்த நிலையில்தான் என் கைக்கு வந்தது. 1993-இல் அம்பாசமுத்திரம் பக்கத்து ஊரில் நடந்த கல்யாணம். வி.எச்.எஸ். ஈ-180, அதாவது மூன்று மணி நேர கேசட். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கருப்பாக இருக்க வேண்டிய டேப் சுருளில் திருநீறு தூவியது மாதிரி வெள்ளை.

இந்த வெள்ளையோடு கேசட்டை வி.சி.ஆரில் போட்டால் படம் வராது என்பதோடு போகாது. பூசணம் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடும் கேசட்டுக்கும் தொற்றும். அதனால் வி.சி.ஆரைத் தேடுவதற்கு முன்னால் கேசட்டைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. அதற்கும் முன்னால், கேசட் முதுகில் இடது மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழை உடைத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் எந்த டெக்கும், அதாவது வி.சி.ஆரும், அதில் ரெக்கார்ட் செய்யாது. கை தவறி சிவப்பு பட்டனை அமுக்கினாலும் கல்யாணம் அழியாது.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான டப்பாவில் சில நாள் போட்டு வைத்தேன். காய்ந்த பூசணம் தூளாக உதிரும், ஈரப் பூசணம் இழுசும். அப்புறம் முகத்துக்கு மாஸ்க் போட்டு, வீட்டில் வேண்டாமென்று மொட்டை மாடிக்குப் போய்த் திறந்தேன். வி.எச்.எஸ். கேசட்டின் அடிப்பக்கம் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். அவற்றைக் கழற்றி, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தபடியே நேராகத் திருப்பி, மேல் மூடியை மட்டும் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் முன்பக்கக் கதவின் ஸ்பிரிங் எங்காவது பறந்துவிடும். திறந்ததும் டேப் எந்த உருளையைச் சுற்றி எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப மூட வசதி.

பூசணம் துடைப்பதில் வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான். மைக்ரோஃபைபர் துணியை மடித்து, நடுவில் டேப் போகிற மாதிரி இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஈ-180-இல் ஏறக்குறைய 250 மீட்டர் டேப் இருக்கிறது. பெரும்பாலும் காய்ந்த துணியே போதும். பிடிவாதமாக ஒட்டிய இடத்தில் மட்டும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணி நுனியை நனைத்துத் தொட்டேன். துணி வெளுத்ததும் மடிப்பை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த பூசணத்தையே திரும்பப் பூசுகிறோம். கடைசியில் சுருள்களைப் பழைய கூட்டுக்குள் வைக்காமல், ஒரு காலி கேசட்டின் சுத்தமான கூட்டுக்கு மாற்றிவிட்டேன். பழைய கூட்டின் மூலை முடுக்கெல்லாம் பூசணம் இருந்தது.

அடுத்தது வி.சி.ஆர். புதிதாக வாங்க வழியில்லை. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. சயானில் ஏறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோடு இறங்கி லாமிங்டன் ரோடு முழுக்க விசாரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட்டில் பாருங்கள் என்றார். அங்கே கிடைத்தது வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஹைஃபை ஸ்டீரியோ டெக். விற்றவருக்கு அதில் லைட் எரிவது மட்டும்தான் தெரியும், விலையும் அதற்கேற்ற மாதிரிதான். ஹைஃபை என்பதற்காக நான் கூடுதலாக ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் தகும் என்று பிறகுதான் தெரிந்தது.

டெக் முதலில் டேப்பைத் தின்றது. யாருக்கும் வேண்டாத ஒரு டப்பிங் பட கேசட்டைத்தான் போட்டுப் பார்த்தேன், அதனால் கவலை இல்லை. மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது: டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தது, சுருட்டும் சக்கரத்துக்கு விசை கொடுக்கும் ஐட்லர் டயரும் வழுக்கியது. இழுத்த டேப்பைச் சுருட்ட ஆள் இல்லாவிட்டால் அது உள்ளேயே குவியத்தானே செய்யும். ரப்பரை ஆல்கஹாலால் துடைத்து, மிக நைசான உப்புத்தாளால் பளபளப்பை எடுத்ததும் பிடித்துக்கொண்டது. இது தற்காலிக வைத்தியம்தான்.

ஹெட் சுத்தம் செய்வதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பஞ்சு சுற்றிய குச்சி கூடாது. பஞ்சு இழை ஹெட்டில் மாட்டி அதைப் பெயர்த்துவிடும். நல்ல வழவழப்பான வெள்ளைத்தாளை ஆல்கஹாலில் நனைத்து, ஹெட்கள் பொருத்தியிருக்கும் உருளையான டிரம்மின் மேல் அசையாமல் வைத்து, டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போய்விடும். தாளில் பழுப்புக் கோடு விழுவது நின்றதும் படம் தெளிந்தது.

இப்போது கம்ப்யூட்டர். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி கேப்சர் டாங்கிள் (படத்தைக் கம்ப்யூட்டர் ஃபைலாக்கும் சின்னக் கருவி) ஒன்றை டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரில் மாட்டினால் படம் வந்துவிடும். வந்த படத்தை நம்பக் கூடாது என்பதுதான் விஷயம். வி.எச்.எஸ்.ஸில் டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு ஃப்ரேம், நொடிக்கு 25. ஒவ்வொரு கோடும் 64 மைக்ரோ நொடியில் வர வேண்டும். முப்பது வருடம் கிடந்து நீண்டு சுருங்கிய டேப்பில் அந்தக் கணக்கு தள்ளாடும். பழைய குழாய் டிவி அதைச் சகித்துக்கொள்ளும். டாங்கிளோ குழம்பிப்போய் ஃப்ரேமை விட்டுவிடும், அல்லது முந்தைய ஃப்ரேமையே இன்னொரு தடவை போட்டு ஒப்பேற்றும். படத்தின் மேல் ஓரம் கொடி மாதிரி வளையும். போகப் போக வாயசைவுக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இருக்காது.

இதற்கு முறையான மருந்து டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி, விலை கட்டுப்படியாகாது. ஏழைக்கேற்ற வழி பழைய டிவிடி ரெக்கார்டர். டிவிடி எதுவும் எழுத வேண்டாம். டெக்கின் வெளியீட்டை அதன் உள்ளே கொடுத்து, அதன் வெளியீட்டை டாங்கிளுக்குக் கொடுத்தால், நடுவில் அது கோடுகளை வரிசைப்படுத்தித் தருகிறது. பானாசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இந்த வேலைக்குப் பேர்போனவை. எனக்குக் கிடைத்தது வேறு கம்பெனிப் பெட்டி, ஆனாலும் கொடி அசைவது நின்றது.

கேப்சருக்கு வர்ச்சுவல்டப். வயதான மென்பொருள்தான், ஆனால் விட்ட ஃப்ரேம் எத்தனை, செருகிய ஃப்ரேம் எத்தனை என்று ஓரத்தில் எண்ணிக் காட்டிக்கொண்டே இருக்கும். டாங்கிளோடு வரும் சிடியில் உள்ள மென்பொருள் அதையெல்லாம் சொல்லாது, நேரே எம்பெக் ஆக நசுக்கிக் கொடுத்துவிடும். நான் வைத்தது: 720-க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம், தரம் இழக்காமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி கோடெக், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். சுருக்காமல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிபி. ஹஃப்ஒய்யுவியில் அதில் பாதி அளவுக்கு வந்தது. ஹார்டு டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்க வேண்டும். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது.

ஒரு விஷயத்தை இங்கேயே சரி செய்தாக வேண்டும், பிறகு எடிட்டிங்கில் முடியாது: வெளிச்சத்தின் அளவு. அந்தக் கால வீடியோக்காரர்கள் தலைக்கு மேல் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் படம் எடுப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்த பெரியவர்களின் வேட்டி எல்லாம் வெள்ளைப் பாறை மாதிரி இருந்தது, ஒரு மடிப்புக்கூடத் தெரியவில்லை. ஆனால் டேப்பில் மடிப்பு இருக்கிறது. டாங்கிளின் இயல்பான அமைப்பு அதை வெட்டிவிடுகிறது. வர்ச்சுவல்டப்பில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராமை ஓடவிட்டு, வலது ஓரத்தில் முட்டாமல் ஆகும் வரை பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் இறக்கினேன். திரையில் படம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை. சித்தப்பாவின் பட்டு வேட்டிக் கரை அப்போதுதான் தெரிந்தது.

இரைச்சல் அடுத்த தொல்லை. ஸ்பீக்கரில் ஓயாத ஒரு ‘ம்ம்ம்’. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான், வெவ்வேறு எர்த் வழியாகச் சுற்றி வருகிறது. லேப்டாப் சார்ஜரை உருவி பேட்டரியில் ஓட்டினேன், டிவிக்குப் பின்னால் இருந்த கேபிள்காரர் ஒயரையும் கழற்றினேன். நின்றுவிட்டது. இதை மென்பொருளில் நீக்குவதைவிட ஒயரில் நீக்குவது எவ்வளவோ மேல்.

எல்லாம் தயாரான பிறகுதான் சித்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கேசட் ஓடியது. பந்தல், வாழைமரம், பெண்ணழைப்பு எல்லாம் வந்தது. சித்தி முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

“ஏய்யா, பாட்டக் காணோமே? அழிஞ்சு போச்சா?”

எனக்கும் அந்தக் கேசட் தெரியும். சின்ன வயதில் வி.சி.ஆரை வாடகைக்கு எடுத்து வந்து போடும்போதெல்லாம் பார்த்ததுதான். முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுதான் ஓடும். தாலி கட்டும்போதுகூட மேளச் சத்தம் கேட்காது, ஒரு டூயட்தான் கேட்கும். இப்போது பாட்டே இல்லை. நாதஸ்வரம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம், குழந்தை அழுகை, யாரோ யாரையோ கூப்பிடுவது. அப்புறம் கேமராவுக்கு வெகு பக்கத்தில் ஒரு பெண்குரல்: “எல போட்டாச்சா? மொதப் பந்தியில யாரெல்லாம் இருக்காவ?”

“எங்க அம்மை சத்தம்லா இது!” என்றார் சித்தி. எனக்கு ஆச்சி. அவர் குரலை நான் கேட்டதே கிடையாது.

நடந்தது இதுதான். வி.எச்.எஸ். டேப்பில் ஒலிக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, டேப்பின் மேல் விளிம்பில் நீளவாக்கில் ஓடும் ஒரு மில்லிமீட்டர் பட்டை; அசையாத ஹெட் ஒன்று அதை எழுதும், படிக்கும். சாதாரண மோனோ வி.சி.ஆர்.களுக்குத் தெரிந்தது இது மட்டும்தான். இரண்டாவது ஹைஃபை. இது சுற்றும் டிரம்மிலேயே இருக்கும் தனி ஹெட்களால், படம் பதியும் அதே சாய்வுக் கோடுகளில், காந்தப் பூச்சின் ஆழத்தில் முதலில் எழுதப்படுகிறது. அதற்கு மேலாகப் படம் பதிகிறது. ஆகவே படத்தை அழிக்காமல் ஹைஃபை ஒலியை மாற்ற முடியாது. விளிம்புப் பட்டையை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். டெக்கில் ‘ஆடியோ டப்’ என்று இருக்கும் பட்டன் செய்வது அதைத்தான். நம் வீடியோக்காரர் ஹைஃபை கேமராவில் எடுத்துவிட்டு, அதே கேசட்டில் ஆடியோ டப் போட்டுப் பாட்டை ஏற்றியிருக்கிறார். வேறு கேசட்டுக்கு நகல் எடுத்து மிக்ஸிங் செய்திருந்தால் ஆச்சியின் குரல் அந்த நகலில் வந்திருக்காது. வாடகை வி.சி.ஆர். எல்லாம் மோனோ, அதனால் இத்தனை வருடம் பாட்டு மட்டுமே கேட்டது.

வீட்டில் கல்யாண கேசட் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். டெக்கின் முன்பக்கம் ‘ஹைஃபை’ என்ற எழுத்து எரிகிறதா என்று பார்த்தால் போதும். ரிமோட்டில் ‘ஆடியோ’ பட்டனைத் தட்டினால் ஹைஃபை, நார்மல் என்று மாறும். ‘மிக்ஸ்’ வைத்தால் இரண்டும் கலந்து வரும், அது வேண்டாம். சந்துக்குச் சந்து இருக்கும் ‘கேசட் டு பென்டிரைவ்’ கடைகளில் இதைக் கேட்டால் புரியுமா என்பது சந்தேகமே. நான் விசாரித்த இடத்தில், சத்தம் வந்தால் போதாதா என்றார்கள்.

ஆக, கேப்சர் இரண்டு ஓட்டம். இதில் இன்னொரு நுணுக்கம்: படம் மிகத் தெளிவாக வரும் டிராக்கிங் (ஹெட் கோட்டின் மேல் சரியாக விழச் செய்யும் அமைப்பு) நிலையும் ஹைஃபை ஒலி சுத்தமாக வரும் டிராக்கிங் நிலையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை, ஏனென்றால் ஹெட்கள் வேறு வேறு. டிராக்கிங் தவறினால் ஹைஃபையில் ‘டர்ர்’ என்று ஒரு அதிர்வு வரும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மாதிரியே இருக்கும், ஆனால் டிராக்கிங் பட்டனைத் தட்டினால் மாறும். எர்த் இரைச்சல் மாறாது. அதனால் முதல் ஓட்டத்தில் படத்துக்கு டிராக்கிங் வைத்து, ஒலிக்கு விளிம்புப் பட்டையை எடுத்தேன். இரண்டாவதில் படம் எப்படியோ போகட்டும் என்று விட்டு, ஹைஃபைக்கு டிராக்கிங் வைத்தேன்.

இப்போது இரண்டாவது ஓட்டத்தின் ஒலியை முதல் ஓட்டத்தின் படத்தோடு சேர்க்க வேண்டும். ஒலியை வைத்துப் பொருத்த முடியாது. ஒன்றில் பாட்டு, மற்றதில் பந்தல், பொதுவாக ஒரு சத்தம்கூடக் கிடையாது. கைகொடுத்தவர் கல்யாணத்தில் ஃபோட்டோ எடுத்தவர். ஒவ்வொரு ஃப்ளாஷும் வீடியோவில் ஒரே ஒரு ஃபீல்டை (அரைப்படத்தை), மிஞ்சினால் இரண்டை, வெள்ளையடிக்கிறது. மாலை மாற்றும் இடத்தில் அடுத்தடுத்து விழுந்த ஃப்ளாஷ்களை இரண்டு ஃபைலிலும் ஃப்ரேம் ஃப்ரேமாகத் தேடி, டைம்லைனில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். அப்புறம் கடைசியில், வழியனுப்பும் இடத்து ஃப்ளாஷைப் போய்ப் பார்த்தேன். அதுவும் அச்சாகப் பொருந்தியது. நடுவில் ஃப்ரேம் விடுபட்டிருந்தால் இங்கே பல்லிளித்திருக்கும். எடிட்டிங்குக்கு கேடன்லைவ், இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது.

ஒலியில் நான் பெரிதாகக் கை வைக்கவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ இருக்கிறது: யாரும் பேசாத ஒரு துண்டை மாதிரியாகக் காட்டினால், அந்த இரைச்சலை முழுவதிலிருந்தும் கழிக்கும். அதைப் பன்னிரண்டு டெசிபெல்லுக்கு வைத்தால் நாதஸ்வரம் தண்ணீருக்குள் வாசிப்பது போல் ஆகிவிடுகிறது. ஆறில் நிறுத்தினேன். கல்யாணத்தில் கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

படத்தில் செய்தது இரண்டு. வி.எச்.எஸ். ஃப்ரேமின் அடியில் சில கோடுகள் எப்போதும் கிழிந்து தெரியும். ஹெட் மாறும் இடம் அது. பழைய டிவிக்களில் அது திரைச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும், கம்ப்யூட்டரில் அப்பட்டமாகத் தெரியும். வெட்டினால் அளவு கெடும் என்பதால் கருப்புப் பட்டை போட்டு மறைத்தேன். அடுத்தது டீஇன்டர்லேஸ். டேப்பில் இருப்பது நொடிக்கு 25 முழுப்படம் அல்ல, 50 அரைப்படம். அதை 25 ஆக அழுத்தினால் அசைவு பாதியாகிறது, கும்மி அடிப்பவர்கள் கை சீப்பு சீப்பாகத் தெரியும். அவிசிந்த் என்ற மென்பொருளில் க்யூடிஜிஎம்சி என்ற ஸ்கிரிப்ட் அதை 50 முழுப்படமாக நேர்த்தியாக விரிக்கிறது. மெதுவாகத்தான் ஓடும், இரவு போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். அவசரம் என்றால் எஃப்எஃப்எம்பெக்கில் பிடபிள்யூடிஐஎஃப் ஃபில்டர் போதும். எதுவானாலும் ஃபீல்டு வரிசை சரியாக இருக்க வேண்டும். தவறினால் நடப்பவர்கள் முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று உதறுவார்கள்; பார்த்ததுமே தெரிந்துவிடும்.

சித்தி பையன் படத்தைப் பார்த்துவிட்டு, “டிவி ஃபுல்லா வரலையே அண்ணா, இழுத்து விடுங்க” என்றான். படம் 4:3, டிவி 16:9. இழுத்தால் எல்லோரும் பக்கவாட்டில் பருத்துவிடுவார்கள், உங்க அம்மா சம்மதித்தால் செய்கிறேன் என்றேன். சம்மதம் கிடைக்கவில்லை.

ஒரே எம்பி4-இல் இரண்டு ஒலித்தடமும் வைக்கலாம்தான், ஆனால் எல்லா டிவியிலும் ஃபோனிலும் அதை மாற்றிக் கேட்க வழி இருக்காது. அதனால் பாட்டோடு ஒன்று, பந்தல் சத்தத்தோடு ஒன்று என்று இரண்டு ஃபைல். பாட்டு உள்ளதை யூடியூபில் ஏற்றினால் உரிமைக்காரர்களிடமிருந்து கிளெய்ம் வரும், அதனால் பென்டிரைவில்தான் போகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் இத்தனை பாடும் வீண், மறுபடி நசுக்கிவிடும். சின்னத் துண்டுகளை டாக்குமென்டாக அனுப்பினேன். சித்தி முதலில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பச் சொன்னது பாட்டு உள்ளதைத்தான். அவர்களுக்குத் தெரிந்த கல்யாணம் அதுதானே.

கேப்சர் செய்த மூல ஃபைல்களை அழிக்கவில்லை. எஃப்எஃப்வி1 கோடெக்குக்கு மாற்றி எம்கேவியாக வைத்திருக்கிறேன். அதுவும் இழப்பில்லாததுதான், ஹஃப்ஒய்யுவியைவிட இடம் குறைவு. ஒரு டிஸ்க் என்னிடம், ஒரு டிஸ்க் சித்தி வீட்டில். பெரியப்பா வீட்டுக் கேசட்டுகள் அடுத்து வரிசையில் இருக்கின்றன. ஒன்றில் டேப் அறுந்து செல்லோடேப்பால் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு டிரம்மில் உரசினால் ஹெட் காலி, பசை கசிந்தால் பக்கத்துச் சுற்றும் சேர்ந்து ஒட்டும். அதனால் அந்த இடத்தை வெட்டி எடுத்து, முன்பாதியை ஒரு கூட்டிலும் பின்பாதியை இன்னொரு கூட்டிலும் போட்டு, இரண்டு கேசட்டாக ஓட்டப் போகிறேன். அதற்குள் அந்த ஐட்லர் டயருக்கு மாற்று கிடைக்க வேண்டும்.